கால் இறாத்தல் தூள்

1989 இன் இறுதியில் நான் மொன்றியலுக்கு வந்தபோது, பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் ஓர் அறையில் நால்வர் தங்கியிருந்தோம். சமையலுக்கு முறை வகுத்திருந்தோமேயன்றி எங்களுள் எவருக்கும் சமைக்கத் தெரியாது. பெரிய அங்காடியொன்றில் கறித்தூள் என்ற பெயரில் மஞ்சட் தூள் நிறைந்த சிறு போத்தல் கிடைத்தது. அதையிட்டுச் சமைத்த கோழிக்கறியை ஒருவரும் முழுதாக உண்ணவில்லை.

சில வாரங்களின் பின்னரே தெருமுனையிலிருந்த தமிழ்க் கடையை அறிந்தோம். கடைக்காரர், பெரும்பொதியாக வரும் வறுத்த தூளைப் பிரித்துக் கால் இறாத்தற் பைகளில் கட்டி வைத்திருந்தார். "தனிப் பெடியள் அஞ்சு இறாத்தல் வாங்கி என்ன செய்யிறது, தம்பி? வாசமெல்லோ போயிடும்" என்றார்.

பின்னர் மனைவியரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். சிறு பைகள் குறைந்து, அரிசி மூட்டைகள் வாயிலை மறித்தன. பிள்ளை பெற்ற தாய்மாருக்குச் சரக்குத்தூள் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் முருங்கைக்காயும் வாழைக்காயும் முன்னே இருக்கும். மீன் பின்கட்டுக்குப் போய்விடும். கத்தோலிக்க அன்பர்கள் கேட்டால் அங்கிருந்து எடுத்துக் கொடுப்பார். எமக்கு முன்னரே அவ்விடத்திற் குடியேறிய கிரேக்க மூதாட்டியர் பருப்பு வாங்க வரத் தொடங்கியதும், பெயர்களைப் பிரெஞ்சில் எழுதி ஒட்டினார். எழுத்துப்பிழைகளை என் மகள் திருத்திக் கொடுத்தாள்.

1998 சனவரி 5 ஆம் திகதி தொடங்கிய உறைமழையை எம்மில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். விழுந்த துளியெல்லாம் பனிக்கட்டியாகி, மின்கம்பிகள் அறுந்தன. கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இல்லங்கள் இருண்டன. எமது வீட்டில் அடுப்பும் மின்சாரம், வெப்பமும் மின்சாரம். கடைக்குப் போனேன். உள்ளே ஒரு மெழுகுதிரி எரிந்தது. காசுப்பெட்டி இயங்காமையால் கொப்பியிற் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மெழுகுதிரிப் பொதிகளை உடைத்து, வீட்டுக்கு இரண்டு வீதம் அளந்தார். பாணும் ரின்மீனும் பிசுக்கோத்தும் முன்வரிசைக்கு வந்திருந்தன. சமைக்க இயலாதவருக்கு அரிசியை அவர் காட்டவேயில்லை. காசில்லாதவரின் பெயர் கொப்பியில் ஏறியது. விலையை ஒரு சதமேனும் உயர்த்தவில்லை.

இன்று பெரிய அங்காடிகளிலும் தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. விலையும் மலிவு. என் மகள் அங்குதான் வாங்குகிறாள். அவளைக் குறைகூற எனக்கு மனமில்லை. எனினும் அக்கடைக்கும் ஆட்கள் வருகிறார்கள். இப்போது நடத்துபவர் மகன். சென்ற கிழமை எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலொன்றை அவரிடம் நீட்டினேன்.

"அன்ரிக்குப் பிறசர் எல்லோ, அங்கிள்?" என்று அதை வாங்கித் திரும்பத் தட்டிலே வைத்துவிட்டார்.