காலிப்பர் குறிப்புகள்

காலிப்பர் கட்டிய முழங்காலை நீட்டியதும் அதன் இரண்டு பக்கத்துப் பூட்டு வளையமும் கீழே இறங்கி 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் சத்தம் மெலிந்து கேட்கும். அந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபடும்வரை எழுந்து நிற்பதே பயம்தான்.

சின்ன வயதில் போட்ட காலிப்பர் இரும்புக் கம்பியும் தோல் வாரும். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் அதைப் பரணில் போட்டுவிட்டுத் தொடையில் கை ஊன்றி நடக்கப் பழகினேன். போலியோக்காரர்கள் பலருக்கும் அதுதான் நடை. ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்க ஆரம்பித்தது. போலியோவில் தப்பிய நரம்புகள் பல வருடம் கூடுதல் சுமை இழுத்துக் கடைசியில் ஓய்ந்துபோகுமாம். 'போஸ்ட் போலியோ' என்கிறார்கள். நாட்டில் இயற்கை வைரஸால் வந்த கடைசிப் போலியோ 2011 ஜனவரியில் ஹவுராவில்; 2014 மார்ச்சில் ஒழிந்ததாகச் சான்றிதழும் வந்தது. என் காலுக்குத் தகவல் வரவில்லை. மறுபடியும் காலிப்பர்தான்.

பழைய காலிப்பர் ஷூவோடு பிணைத்தது. செருப்பை வாசலில் விடுகிற ஊரில் அதைப் போட்டுக்கொண்டு எந்த வீட்டுக்குள் நுழைவது? கோயிலுக்கு மீனாட்சி அம்மனைப் பார்க்கப் போனால் கழற்றி வைத்துவிட்டுத் தொடையைப் பிடித்தபடிதான் உள்ளே போக வேண்டும். ஜெய்ப்பூர் செயற்கைக் கால் இத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்ததற்கு, வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போடலாம் என்பது முக்கியக் காரணம். அதைச் செய்த மருத்துவர் சேத்திக்கும் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவுக்கும் நம் வாசல்படி தெரிந்திருந்தது. இப்போது எனக்கு வந்திருப்பது பிளாஸ்டிக். பாதத்தோடு ஒட்டி நிற்கும், ஷூ கட்டாயமில்லை. டைல்ஸில் மட்டும் வழுக்கும். அடியில் ரப்பர் ஒட்டித் தரச் சொன்னேன்.

பயம் மனதில் இருக்கிறது என்பார்கள். எனக்கு இடுப்பில் இருந்தது. பயந்தால் உடம்பு பின்னால் சாய்கிறது, தலை குனிந்து பாதத்தைப் பார்க்கிறது, அடி சுருங்குகிறது. பூட்டிய கால் மடங்காது. இடுப்பைத் தூக்கித்தான் வீச வேண்டும். இடுப்பு இறுகிக் கிடந்தால் நுனிவிரல் தரையில் இடிக்கும். விழக்கூடாது என்ற கவனமே விழவைக்கும்.

பிசியோதெரபிஸ்ட் பெண் மெத்தையை விரித்தார். "முதல்ல விழுங்க சார், நடையைப் பிறகு பாப்போம்." விழும்போது ஊன்றுகோல்களை இரண்டு பக்கமும் தள்ளி எறி, கையை விறைக்காமல் முழங்கை மடங்க ஊன்று, முகத்தைத் திருப்பு. பிறகு உருண்டு, நாற்காலி வரை தவழ்ந்து, நல்ல காலை மடக்கி எழு. இதில் எழுவதுதான் மருந்து. தரையில் கிடந்தால் யாரும் தூக்காமலே எழ முடியும் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் இடுப்பு இளகியது. தேறுதல் சொன்னவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

காலிப்பரோடு சரிந்து எழுந்தவர்களில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் ஒருவர். 1936 ஜூனில் பிலடெல்பியாவில் பேச வந்தபோது அவருடைய காலிப்பர் பூட்டு கழன்றது. ஜனாதிபதி சரிந்தார், உரைத்தாள்கள் சிதறின. தூக்கி நிறுத்தினார்கள், தூசியைத் தட்டிக்கொண்டு பேசி முடித்தார். காலிப்பர் தெரியாமலிருக்க அதற்குக் கருப்பு வண்ணம் அடித்து வைத்திருந்த மனிதர்! நான் வேட்டியை மடித்துக் கட்டியே போகிறேன். காலிப்பரைப் பார்த்தால் பைக் ஓட்டுகிறவன் ஒதுங்குவான்.

நடைப் பயிற்சிக்குச் சமயநல்லூர் ரயில் ஸ்டேஷன் நடைமேடை. நாலுவழிச் சாலை லாரிகளுக்கானது. "என்னண்ணே, பைய!" என்று யாராவது குரல் கொடுத்தால் முன்பெல்லாம் நின்றுதான் பதில் சொல்வேன். பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்துகிற முதியவர்களே பின்னால் அதிகம் விழுகிறார்கள் என்று 1997இல் ஸ்வீடனில் கண்டிருக்கிறார்கள். இப்போது நடந்துகொண்டே, "வர்றேன்ப்பா." அதற்கு மேல் பேசினால் அடி தப்புகிறது.

பாக்கி இருப்பது டவுன் பஸ். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது காலிப்பர் கால் முதலில். ஏறிவிடுகிறேன். இறங்கும் படிதான் உயரம். டிக்கெட் வாங்கும்போதே நடத்துநரிடம் சொல்லி வைக்கிறேன்: "தம்பி, நான் கீழ நின்னப்புறம் விசில் அடிங்க."