கள் விற்ற முற்றம்

பட்டினப்பாலையில் ஒரு வீட்டு முற்றம் வருகிறது. மீனும் இறைச்சியும் அறுத்துப் பொரிக்கும் ஓசை, மணல் பரப்பி மலர் தூவிய வாசல், பலரும் புகுந்து செல்லும் அவ்வீட்டின்மேல் கள் விற்பனைக்கு அடையாளமாக ஒரு கொடி. காவிரிப்பூம்பட்டினத்தின் மற்றக் கொடிகளோடு அதனையும் சேர்த்தே பாடினார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். தமிழ் கற்பிக்கும் நாங்கள்தாம் கூச்சப்படுகிறோம். 301 அடிகளில் அந்தச் சில அடிகளை மட்டும் வகுப்பில் விரைந்து கடந்துவிடுவோம்.

மாணவர்களோடு கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையருகே நின்று, மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று இம்மலையைச் சேரர்க்கு அளித்ததை விளக்கிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி கேட்டாள்: “அரசர் கதை தெரிகிறது ஐயா. போர் வந்தபோது அந்தக் கள் விற்ற வீட்டார் என்ன ஆனார்கள்?”

ஏட்டிலிருந்து விடை தர இயலவில்லை. வீட்டிலிருந்து தர முடிந்தது. அதுவரை எந்த வகுப்பிலும் சொல்லாததை அன்று சொன்னோம்.

எங்கள் அம்மாயியின் பெற்றோர் இம்மலையின் அடிவாரத்தில் வீட்டு முற்றத்திலேயே கள் விற்றவர்கள். தந்தை அளந்து ஊற்றுவார். தாய் கருவாடு வறுப்பார். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. கொல்லிமலைப் பகுதியும் அப்போது சேலத்தைச் சேர்ந்தது. முற்றத்தில் பானைகள் கவிழ்ந்தபோது அம்மாயிக்கு ஏழு வயது. 1939இல் உலகப் போர் மூண்டது, அமைச்சரவை விலகியது. போரின் நடுவே அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது. பானைகள் மீண்டும் நிமிர்ந்தன. 1948க்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து, அம்முற்றம் ஓய்ந்தது.

“ஊரே அரிசிக்கு அலைஞ்சப்ப நாங்க வயிறாரச் சாப்பிட்டோம். வெளிய சொல்லாத சாமி” என்பார் அம்மாயி. கூலிக்காசோடு உள்ளே போன கணவனுக்காக, இடுப்பில் பிள்ளையோடு வேலியோரம் நின்ற ஒரு பெண்ணையும் அவர் மறக்கவில்லை. தம் தாய் அவளுக்கு ஒருநாள் கருவாடு கொடுத்ததாகவும், அவள் வாங்க மறுத்ததாகவும் சொல்வார்.

மாணவி வேறெதுவும் கேட்கவில்லை. இவ்வாண்டு பட்டினப்பாலை வகுப்பில் அவ்வடிகளை நிறுத்திப் படித்தோம். அடுப்படியில் நின்றவளும் வேலியோரம் நின்றவளும் நினைவில் வந்தார்கள். இருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. அம்மாயியிடம் ஒருமுறையேனும் கேட்டிருக்கலாம்.