எஸ்தர் மறைத்ததும் நான் மறைத்ததும்

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரம், விடுதித் தோழி ஒருத்தி, "நீர் எவ்விடம்?" என்று வினவினாள். "பண்டாரவளை" என்றேன். "டவுனிலோ?" என்றாள். "ஓம்" என்றேன். அந்த "ஓம்" கூட எனதன்று. மூன்று நாட்களில் இரவல் வாங்கிய சொல். எங்கள் லயத்தில் "ஆமா" என்போம். பட்டணத்துக்கு அப்பால், மலைச்சரிவிலுள்ள ஒரு தோட்டத்தில் என் அம்மா கொழுந்தெடுக்கிறார். தபால் முகவரி பண்டாரவளைதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டில், பிரெஞ்சு நாடகாசிரியர் றசீனின் "எஸ்தர்" என்னும் துன்பியல் நாடகத்தை ஆங்கில மொழிபெயர்ப்பிற் படிக்க நேர்ந்தது. 1677இன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் அரங்கிலிருந்து ஒதுங்கியிருந்த றசீன், சென் சீர் பாடசாலை மாணவியர் நடிப்பதற்கென இதனை எழுதினார். 1689 ஜனவரி 26இல், பதினான்காம் லூயி மன்னனின் முன்னிலையில் இது அரங்கேறியது. வறுமையுற்ற பிரபுக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளே அரசனாகவும் அமைச்சனாகவும் வேடம் பூண்டனர்.

கதை விவிலியத்தில் உள்ளது. யூதப் பெண்ணான எஸ்தர், பாரசீகப் பேரரசன் அகாஸ்வேருவின் அரசியாகிறாள். அவளை வளர்த்த மொர்தெகாய், குலத்தை வெளியிடாதே எனப் பணித்திருக்கிறான். தான் யாரென்பதை அரசன் இன்றுவரை அறியான் என்று, நாடகத்தின் தொடக்கத்திலேயே அவள் தன் தோழியிடம் கூறுகிறாள். அவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டேன். மறுநாள்தான் மீண்டும் திறந்தேன்.

யூதர் அனைவரையும் கொல்லும்படி, அமைச்சன் ஆமானின் சூழ்ச்சியால் ஆணை பிறக்கிறது. அழையாமல் அரசன்முன் செல்வோர்க்கு மரணமே தண்டனை. எனினும் எஸ்தர் செல்கிறாள். பின்னர் விருந்தின்போது தன் குலத்தைக் கூறிவிடுகிறாள். ஆமான் வீழ்கிறான். யூதரைப் பாரசீகர்க்கு நிகராக மதிக்குமாறு அரசன் ஆணையிடுகிறான்.

இந்நாடகத்தைக் கண்டு மகிழ்ந்த லூயிதான், நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1685இல், தன் நாட்டுப் புரட்டஸ்தாந்தரின் வழிபாட்டுரிமையை ஆணையொன்றாற் பறித்தவன். அரங்கில் ஓர் அரசன் மனம் மாறுவதும், அரசனே எதிரிலமர்ந்து அதைப் பார்த்திருப்பதும் வெவ்வேறு செய்திகள் போலும்.

எங்கள் வரலாற்றில் ஆணைகள் சட்டங்களாக வந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் என் அப்பாயியின் குடும்பம் நாடற்றதாயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அப்பாயியின் தம்பி தலைமன்னாரிற் கப்பலேறினார். அப்பாயி இங்கேயே எஞ்சினார். நாடற்றிருந்தோரின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. நாடகத்தில் ஒரு விருந்துப் பொழுதில் முடிந்த வழக்கு, எங்களுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

எஸ்தர் உயிரச்சத்தால் மறைத்தாள்; தன் மக்களுக்காக வெளியிட்டாள். என்னை மறைக்கும்படி எவரும் பணிக்கவில்லை. சொன்னால் உயிர் போகப்போவதுமில்லை. அம்மாவின் தொலைபேசி அழைப்பு வரும்போதெல்லாம் அறையை விட்டு வெளியே சென்று பேசினேனே, அது யாருக்காக?

கருத்தரங்கில் இந்நாடகம் பற்றிய கட்டுரையை வாசித்தபோது, இறுதியில் எழுதியிராத ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டேன்: "நான் பண்டாரவளைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவள்." குரல் நடுங்கியது. விரிவுரையாளர் தலையசைத்தார்; அடுத்த மாணவர் அழைக்கப்பட்டார். அவ்வளவுதான்.

அன்றிரவு, ஊர் கேட்டால் எப்போதும் "ஹட்டன்" என்று மட்டுமே சொல்லிவந்த மாணவியொருத்தி என் அறைக் கதவைத் தட்டினாள். கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் தன் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.