புளிக்காமல் திரிந்த பால்

ஒரு சோதனைக் குழாயில் ஐந்து மில்லிலிட்டர் பால். அதனுடன் அதே அளவு எரிசாராயம், நூற்றுக்கு 68 பங்கு செறிவுள்ளது. குழாயை இருமுறை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். கண்ணாடிச் சுவரில் பால் வழுவழுப்பாக வழிந்தால் அது ஏற்கத்தக்கது. துகள் துகளாக ஒட்டி நின்றால் தள்ளத்தக்கது. அரை நிமிடத்தில் முடியும் இச்சோதனை இந்தியாவின் பால் சேகரிப்பு நிலையங்கள் பலவற்றில் காலையும் மாலையும் நடக்கிறது. அந்த அரை நிமிடத்தில் சில வீடுகளின் அன்றைய வருமானமும் முடிவாகிவிடுகிறது.

ஹரியானாவில் ஒரு சிற்றூர். ஜூன் மாதத்துக் காலை. முனைவர் பட்டத்துக்காக எருமைப் பாலின் கேசின் புரதத்தை ஆராயும் மாணவி ஒருத்தி, மாதிரிகள் சேகரிப்பதற்காக ஐஸ் பெட்டியுடன் அங்கே நின்றிருந்தாள். வரிசையில் வந்த ஒரு பெண்மணியின் ஆறு லிட்டர் பால் அன்று சோதனையில் நிற்கவில்லை. குழாயின் சுவரெங்கும் வெண்துகள்கள்.

"நேற்று மாலைப் பாலைச் சேர்த்துவிட்டீர்கள், மாஜி. புளித்துப் போயிருக்கிறது" என்றார் நிலையத்தின் பொறுப்பாளர்.

"இப்போதுதான் கறந்து கொண்டுவருகிறேன், மகனே. வேண்டுமானால் இங்கேயே காய்ச்சிப் பார்."

காய்ச்சிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. பின்னால் இருபது பேர் நின்றனர். தொழிற்சாலையின் டேங்கர் லாரி வரும் நேரம். பதிவேட்டில் 'புளிப்பு' என்று எழுதினார். வரிசையில் இருந்தவர்கள் தம்முள் பார்த்துக்கொண்டனர். அந்தப் பெண்மணி மாணவியின் பக்கம் திரும்பினார். "நீ படித்தவள்தானே, மகளே. நீயாவது சொல்."

"சோதனை அப்படித்தான் காட்டுகிறது, அம்மா" என்று அவள் சொன்னாள். தன் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டாள்: மாதிரி 17, புளித்தது, விலக்கப்பட்டது. அந்தப் பெண்மணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

பால் என்பது வெறும் நீர்மமன்று. அது ஒரு கூழ்மம். ஒட்டுபசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1861இல் தாமஸ் கிரஹாம் என்னும் வேதியியலாளர் உருவாக்கிய ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நாம் வழங்குவது இப்பெயர். பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசின். அது தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைந்து கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசின் மூலக்கூறுகள் கால்சியம் பாஸ்பேட்டின் மிக நுண்ணிய மணிகளால் பிணைக்கப்பட்டு, சராசரியாக 150 முதல் 200 நானோமீட்டர் விட்டமுள்ள பஞ்சுருண்டைகளாக மிதக்கின்றன. மைசெல் எனப்படும் இவ்வுருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதாலேயே கொழுப்பு நீக்கிய பாலும் வெண்மையாகத் தோன்றுகிறது.

இவ்வளவு நெருக்கமாக மிதக்கும் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி? விடை அவற்றின் மேற்பரப்பில் இருக்கிறது. கேசின்களுள் ஒன்றான கப்பா கேசின், உருண்டையின் மேல் மெல்லிய மயிரிழைகளைப் போல் நீண்டு நிற்கிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட அவ்விழைகள் ஓர் உருண்டை மற்றொன்றை நெருங்கவிடாமல் தடுக்கின்றன. மைசெல்லின் அகலத்தோடு ஒப்பிட்டால் மிக மெல்லிய வேலி அது. பாலின் நிலைத்தன்மை பெரும்பாலும் அந்த வேலியை நம்பியே இருக்கிறது.

வேலியை வீழ்த்தும் வழிகள் பல. உறைமோர் ஊற்றினால் நுண்ணுயிர்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. அமிலம் மின்னேற்றத்தைத் தணிக்கிறது. அமிலகாரக் குறியீடு 4.6ஐ நெருங்கும்போது புரதம் முழுமையாகச் சேர்ந்து திரள்கிறது. பாலாடைக்கட்டி செய்வோர் சேர்க்கும் ரென்னெட் நொதி, கப்பா கேசினை ஒரே ஒரு பிணைப்பில் வெட்டி மயிரிழைகளை மழித்துவிடுகிறது. எரிசாராயமோ இழைகளை வெட்டுவதில்லை; அவற்றைச் சுருங்கிப் படியச் செய்கிறது. புளிக்கத் தொடங்கிய பாலில் மின்னேற்றம் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் சாராயம் பட்டதும் துகள் தோன்றுகிறது. சோதனையின் அடிப்படை இதுதான்.

ஆனால் சாராயத்தின் முன் பால் நிற்பதும் விழுவதும் அமிலத்தை மட்டும் பொறுத்தவையல்ல. பாலின் நீர்ப்பகுதியில் தனித்துத் திரியும் கால்சியம் அயனிகள் மிகுந்தாலும் அவை எதிர்மின்னேற்றத்தை மட்டுப்படுத்தி வேலியைத் தளர்த்திவிடும். சிட்ரேட்டும் பாஸ்பேட்டும் அந்தக் கால்சியத்தைக் கட்டிவைத்திருக்கின்றன. தீவனப் பற்றாக்குறை, கறவைக் காலத்தின் கடைசி மாதங்கள், மடிநோய் போன்றவற்றால் இந்த உப்புச் சமநிலை குலையக்கூடும். அப்போது சற்றும் புளிக்காத பாலும் சாராயத்தில் துகள்துகளாகும். பிரேசில் நாட்டில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: அமிலமின்றி நிலைகுலைந்த பால்.

இவை அனைத்தும் அந்த மாணவிக்குத் தெரியும். அவளுடைய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் அவளே எழுதிய செய்திகள் இவை. ஆயினும் வரிசையின் முன் நின்று ஒருவர் கேட்டபோது, அவள் நினைவுக்கு வந்தது அத்தியாயமன்று. குழாயின் சுவரில் ஒட்டியிருந்த துகள்கள்தாம்.

மாலையில் ஆய்வகத்துக்குத் திரும்பி, விலக்கிய மாதிரிகளைக் கொட்டும் முன், பழக்கத்தின் காரணமாக மாதிரி 17இன் அமிலகாரக் குறியீட்டை அளந்தாள். 6.7. புதுப்பாலின் அளவு அது. கருவியை மறுபடி சரிபார்த்து அளந்தாள், அதே எண். ஒரு குழாயில் சிறிதளவு ஊற்றிக் கொதிநீரில் வைத்தாள். பால் திரியவில்லை. "இங்கேயே காய்ச்சிப் பார்" என்று காலையில் அந்தப் பெண்மணி சொன்ன சோதனையும் அதுதான். பாடநூல்களில் அதற்கு ஒரு பெயர் உண்டு. அடுப்படியில் பெயர் தேவைப்படவில்லை.

அன்றிரவு அவள் நெடுநேரம் விழித்திருந்தாள். ஒரு தவறான பதிவைத் திருத்துவது எளிது. ஊரார் முன்னிலையில் ஒருவருடைய நேர்மையின்மீது விழுந்த தீர்ப்புக்குத் தானும் தலையசைத்ததைத் திருத்துவது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலை நான்கரை மணிக்கு அவள் அந்தப் பெண்மணியின் தொழுவத்தில் நின்றாள். ஒரே ஒரு முர்ரா எருமை, சினையாக இருந்தது. கன்று ஈன்று ஒன்பது மாதம் ஆகிறது என்றார் அவர். குளிர்காலத்து பெர்சீம் தீவனம் முடிந்து, தொட்டியில் கோதுமை வைக்கோலே மிகுந்திருந்தது. அவர் கறக்கக் கறக்க அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை அடங்குவதற்குள் சாராயத்தைச் சேர்த்தாள். துகள்கள் தோன்றின. புளிப்பதற்கு அந்தப் பாலுக்கு ஐந்து நிமிடம்கூட வாய்த்திருக்கவில்லை.

பிறகு அலிசரின் சாயம் கலந்த சாராயத்தை எடுத்தாள். புளித்த பாலில் அது மஞ்சளாகும்; மடிநோய்ப் பாலில் பெரும்பாலும் ஊதாவாகும். இங்கே இரண்டும் இல்லை. நல்ல பாலுக்குரிய செம்பழுப்பு நிறமே நின்றது. நிறம் நலமென்றது, துகள் நலமன்று என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் ஒன்றுதான்: உப்புச் சமநிலை குலைந்திருக்கிறது, பால் புதியது.

எருமைப் பால் இவ்வாறு தீர விசாரிக்கப்படாமல் தீர்ப்புக்கு உள்ளாவது புதிதன்று. அதைப் பொடியாக்க இயலாது என்று மேலைநாட்டு வல்லுநர்கள் ஒரு காலத்தில் உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் கண்டறிந்திருந்தது பசும்பாலின் இயல்பை. குஜராத்தின் ஆனந்தில் வர்கீஸ் குரியனுடன் பணியாற்றிய எச். எம். தலாயா அது இயலும் என்று செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று அங்கே நேரு திறந்துவைத்த தொழிற்சாலையில் எருமைப் பால் பொடியானது. பால் மாறவில்லை, அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி மாறியது.

தொழுவத்திலிருந்து அவள் நேரே நிலையத்துக்குச் சென்றாள். பொறுப்பாளர் பொறுமையாகக் கேட்டார். அவர் கொடுமைக்காரர் அல்லர். "நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் இந்தப் பாலை நான் டேங்கரில் ஊற்றினால், அங்கே உயர்வெப்பத்தில் பதப்படுத்தும்போது குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும் அல்லவா?" என்றார். அதுவும் உண்மை. சாராயத்தில் நிற்காத பால் கடும் வெப்பத்திலும் தடுமாறக்கூடும். அதற்காகவே தொழிற்சாலை இந்த வரம்பை வைத்திருக்கிறது. அந்தப் பால் வீட்டில் காய்ச்சிக் குடிக்கத் தக்கது, தயிராகும், நெய்யாகும், பனீருமாகும். நெடுநாள் கெடாத உறைப்பாலாவதற்கு மட்டும் ஏற்றதன்று.

ஆகவே விதி மாறவில்லை. மாறியவை இரண்டு. துகள் கண்ட பாலை உடனே தள்ளாமல், அலிசரின் நிறத்தையும் பார்த்து, புளிக்காததைத் தனிக் கேனில் ஊற்றி ஊரின் பனீர்க்காரரிடம் சற்றுக் குறைந்த விலைக்கு அனுப்புவதாகப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். பதிவேட்டில் 'புளிப்பு' என்பதை அடித்துவிட்டு, 'சாராயச் சோதனையில் நிற்கவில்லை' என்று எழுதினார். முதலாவது வருமானத்தைச் சார்ந்தது. இரண்டாவதற்கு விலை இல்லை.

மாணவி தன் குறிப்பேட்டைத் திருத்தி, மாதிரி 17ஐ ஆய்வில் மீண்டும் சேர்த்துக்கொண்டாள். அன்று மாலை தாது உப்புக் கலவைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்மணியின் வீட்டுக்குச் சென்றாள். எருமைக்கு நாள்தோறும் எவ்வளவு தரவேண்டும் என்று சொன்னாள். பசுந்தீவனம் கிடைத்தாலும், அடுத்த ஈற்றுக்குப் பின்னும் பால் தேறிவிடக்கூடும் என்றாள். கேசினைப் பற்றியும் வேலியைப் பற்றியும் தன்னால் இயன்றவரை எளிமையாக விளக்கினாள். கடைசியில், "அன்று நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அம்மா. உங்கள் பால் புளிக்கவில்லை" என்றாள்.

அவர் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்து மாடத்தில் வைத்தார். "இதைத்தானே மகளே, அன்றைக்கே நான் சொன்னேன்" என்றார். பிறகு உள்ளே சென்று, ஒரு குவளை பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். அது திரியாமல் இருந்தது.