மலையில் காய்ந்த மிளகும் கரையில் காய்ந்த படகும்

வெள்ளக்கடையில் வெயிலைப் பழிப்பவர் எவருமிலர். சேர்வராயன் மலையின் இவ்வூரில் மூடுபனியும் சாரலும் ஆண்டின் பெரும்பகுதியைத் தமதாக்கிக் கொள்வதால், கதிரவன் முகங்காட்டும் நாள்களை மக்கள் எண்ணி எண்ணிச் செலவிடுகின்றனர். காப்பிப் பழத்தைப் பறித்ததும் களத்தில் பரப்புவர். அது முடிந்ததும் மிளகு வந்து களத்தை நிரப்பும். இடையே கம்பளியும் நனைந்த விறகும் மூலையில் இடம் பிடித்துக்கொள்ளும். பிற்பகலில் மேகம் கவிந்தாலோ, வீட்டிலுள்ள அனைவரும் ஓடிவந்து குவித்து மூடுவர். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார் என்பர். அந்நாள் தொட்டு இங்கு வழங்கும் கணக்கு ஒன்றே: செடிக்கு நிழல் வேண்டும், பறித்த பழத்துக்கு வெயில் வேண்டும்.

இந்தக் கணக்கை மனத்தில் சுமந்தவர்களாய், கடந்த கோடை விடுமுறையில் வெள்ளக்கடைக் குடும்பங்கள் சிலவற்றோடு வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தை அடையுமுன்னரே போர்வைகள் பைக்குள் புகுந்துவிட்டன. நாமக்கல், திருச்சி, தஞ்சை, திருவாரூர் எனச் செல்லச் செல்ல வெப்பம் ஏறிற்று. ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்தில் இரு நாள்கள் தங்கினோம். திரும்பும் நாளன்று, பெரிய படகுகளை அருகில் பார்த்தே தீரவேண்டுமெனப் பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தனர். ஏற்காட்டு ஏரியின் உல்லாசப் படகுகளை அன்றி வேறு படகறியாப் பிள்ளைகள் அவர்கள். நாகப்பட்டினத்தில், கடுவையாறு கடலோடு கலக்குமிடத்திலுள்ள மீன்பிடித் துறைமுகத்துக்கு வண்டியைத் திருப்பினோம்.

நாம் சென்றது மீன்பிடித் தடைக்காலம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. மீனினம் பெருகுவதற்கென 2001-இல் 45 நாள்களாகத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாள்களாயிற்று. வலைக்கும் கடலுக்கும் விடுமுறையேயன்றி மனிதருக்கு விடுமுறையில்லை. கரையேற்றிய படகுகளைச் சுற்றி மரவேலையும் இயந்திர வேலையும் பெயின்ட் வேலையும் ஒருசேர நடந்துகொண்டிருந்தன. நீரில் மிதக்கையில் பாதியே தெரியும் படகு, கரையில் முழுவுருவோடு நின்றபோது பிள்ளைகள் வாய்பிளந்தனர். ஒரு சிறுமி, “இதுக்கு வயிறு இவ்வளவு பெரிசா?” என்றாள்.

அந்த வயிற்றருகேதான் அந்தப் படகுக்காரரைக் கண்டோம். ஐம்பது வயதிருக்கும். படகின் அடிப்புறத்தை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சுண்ணாம்புத் தூள் போன்று ஒரு வெளிறிய பொடி ஒட்டியிருந்தது. நம்மைக் கண்டதும், “பாருங்க சாமி, பூசின பெயின்ட் மாவு மாதிரி வருது” என்று கையை நீட்டினார்.

நடந்தது இதுதான். தடை தொடங்கிய முதல் வாரத்தில் ஆள் எளிதில் கிடைத்தமையால், அடிப்பாகத்தைச் சுரண்டிச் சிவப்புப் பெயின்ட் இருமுறை பூசி முடித்துவிட்டார். முந்திக்கொண்டோம் என்ற நிறைவு அவருக்கு. பின்னர் இயந்திரத்தில் ஒரு பழுது தென்படவே, படகு மரக்கட்டைகள் மீது அப்படியே நின்றது. நாள்தோறும் பிற்பகல் வெயில் படகின் மேற்குப் பக்கத்தில் முழுதாய் விழுந்தது. அப்பக்கம் சிவப்பு மங்கி, ஆங்காங்கே பச்சை படர்ந்து, மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. கிழக்குப் பக்கத்தையோ அடுத்து நின்ற படகின் நிழல் காத்திருந்தது. அங்கே சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நிழல் முடிந்த இடத்தில், அளவுகோல் வைத்து வரைந்தாற்போல் ஒரு கோடு. ஒரே டப்பா, ஒரே தூரிகை, ஒரே நாள் பூசியது!

சுவருக்குப் பூசும் பெயின்ட் போன்றதன்று இது. கடல்நீரில் ஓயாது மிதக்கும் படகின் அடியில் பாசியும், சிப்பி போன்ற சிற்றுயிர்களும் ஒட்டி வளரும். ஒட்டியவை பெருகப் பெருகப் படகு கனத்து, வேகம் குன்றி, டீசலை விழுங்கும். அவை ஒட்டாதபடி தடுப்பதற்கே இந்தப் பூச்சு. இதிலுள்ள செம்பு ஆக்சைடுதான் அச்சிற்றுயிர்களுக்கு நஞ்சு. அந்நஞ்சைப் பிடித்துவைத்திருப்பது பிசின். மலிவான வகைகளில் பெரும்பாலும் அது பைன் மரப் பிசினே. கடல்நீர் இப்பிசினைச் சிறிது சிறிதாய்க் கரைக்கும். கரையுந்தோறும் புதிய செம்பு வெளிப்படும். அதாவது, கரைந்து அழிவதே இதன் தொழில்.

கரையில் நிற்கும்போது அத்தொழில் நடைபெறாது. மாறாக, வெயிலிலுள்ள புற ஊதாக்கதிர் பிசினின் கட்டைக் குலைக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனை இறுகச் செய்கிறது. மேற்பரப்பு ஓடுபோல் கெட்டியாகிப் பின்னர் பொடியாகிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்குவதால் வெடிப்புகள் தோன்றுகின்றன. கடற்கரையின் ஈரமும் உப்பும் சேரச் செம்பு பச்சைநிறப் பொருளாய் மாறுகிறது. வீட்டுச் செப்புக்குடம் பச்சை பிடிப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய படகை நீரில் இறக்கினால், இறுகிய மேலோட்டைத் தாண்டிச் செம்பு வெளிவராது. பூசியும் பூசாத படகாகவே அது மிதக்கும்.

அருகில் வேலை செய்துகொண்டிருந்த முதிய பெயின்ட்காரர் ஒருவர், “கடைசிப் பூச்சைக் கடைசியிலதான் பூசணும், இவரு கேக்கலை” என்றார். படகுக்காரர் மறுத்துப் பேசவில்லை. அறுபத்தொரு நாள் வருவாயின்றி இருப்பவருக்கு இன்னுமொரு டப்பாவின் விலை எத்தகையது என்பதை அவர் முகமே கூறிற்று.

கட்டுமரக் காலத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. நாள்தோறும் கரைசேர்ந்ததும் மரங்களைக் கட்டவிழ்த்து மணலில் உலர்த்துவர். ஒட்டியிருந்த உயிர்களை வெயிலே கொன்றுவிடும். அங்கே வெயில் தோழன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் பெருகிய கண்ணாடியிழைப் படகுகளும் பெரும்பாலும் மணலில் ஏறிவிடுவனவே. கடலை நீங்காது துறையிலேயே மிதக்கும் பெரும் விசைப்படகுகளுக்குத்தான் நஞ்சு தேவைப்படுகிறது.

இந்தத் தேவை பழமையானது. 1761-இல் ஆங்கிலேயக் கடற்படை ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடியில் செப்புத்தகடு போர்த்திச் சோதித்தது. இருபதாம் நூற்றாண்டில் வெள்ளீயம் சேர்ந்த நஞ்சொன்றைப் பெயின்டில் கலந்தனர்; அது மிக நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பிரான்சின் அர்க்காசோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு உருக்குலைந்ததைக் கண்டு, 1982-இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. 2001-இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்து எல்லாக் கப்பல்களிலிருந்தும் அதனை விலக்கிற்று. ஆகவே செம்பே மீண்டும் முதலிடம் பெற்றது. வெயிலைத் தாங்கிக் கரையில் நெடுநாள் நிற்கவல்ல உயர்வகைப் பூச்சுகளும் இன்று உண்டு, விலைதான் எட்டாது.

கெட்டுப்போனதைச் சீர்செய்ய வழியுண்டா என்று வினவினோம். முதியவர் பொறுமையாய்க் கூறினார். நன்னீரால் உப்பைக் கழுவவேண்டும். பின்பு நீர்விட்டு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மாவான மேற்படலத்தை மட்டும் நீக்கவேண்டும். உலர்ந்தபடி தேய்த்தால் செம்புத்தூள் மூச்சோடு உட்செல்லும். நீரோடு தேய்க்கும்போதும் முகமூடியும் கையுறையும் வேண்டும். (அவர் முகத்தில் பழைய துண்டு ஒன்றே கட்டியிருந்தது, நமக்கு அது மனவருத்தம்.) வெடித்து எழும்பிய இடத்தை அடிவரை சுரண்டவேண்டும். படகை இறக்குவதற்குச் சில நாள்கள் முன்பாகவே புதுப் பூச்சு. பூசியபின் எத்தனை நாளுக்குள் நீரில் இறக்கவேண்டும் என்பது டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றுக்குச் சில வாரங்கள், சிலவற்றுக்குச் சில மாதங்கள். இடையில் தாமதம் நேர்ந்தால் தென்னங்கீற்றோ தார்ப்பாயோ கட்டி நிழல் தரவேண்டும். காற்றுப் புகும்படி உடலைவிட்டுத் தள்ளிக் கட்டவேண்டும்.

எம்முடன் வந்த மலைப் பெரியவர் ஒருவர் இவற்றையெல்லாம் வாய்திறவாது கேட்டிருந்தார். பின்பு படகுக்காரரிடம், “எங்க ஊருல செடி நிழலுல நிக்கும், பறிச்சது வெயிலுல காயும். உங்களுக்குத் தலைகீழா இருக்கே தம்பி” என்றார். அவர் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். பெரியவர் தம் பையிலிருந்து வீட்டு மிளகுப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

ஊர் திரும்பும் வழியில் ஏற்காட்டு ஏரிக்கரையில் சற்று நின்றோம். கரையில் கவிழ்த்து வைத்திருந்த பழைய படகொன்றைப் பிள்ளைகள் ஓடிச்சென்று தேய்த்துப் பார்த்தனர். கை வெளுத்தது, ஆயினும் செம்பின் பச்சை இல்லை. நன்னீர் ஏரியில் அந்தக் கடல் உயிர்கள் இல்லை, எனவே அந்த நஞ்சும் வேண்டியதில்லை என்று விளக்கினோம். சாதாரண வண்ணத்தையும் வெயில் விட்டுவைப்பதில்லை என்பதை அவர்களே கண்டுகொண்டனர்.

ஜூன் நடுவில் படகுக்காரர் தொலைபேசியில் அழைத்தார். மேற்குப் பக்கத்தை மட்டும் தேய்த்து மறுபூச்சுப் பூசினாராம். அதுவரை இரண்டு தார்ப்பாய்களை இரவல் வாங்கிக் கட்டியிருந்தாராம். தடை முடிந்த இரவே படகு கடலுக்குப் போய்விட்டது. “மிளகு தீந்துபோச்சு சாமி, பெரியவர்கிட்ட சொல்லுங்க” என்றார்.