அறியாதவர் முழங்காலுக்காக: பிரிட்டனில் கிட் காரும் சாலை ஒப்புதலும்

சேசிஸ், உடற்கூடு, என்ஜின் முதலியவற்றைத் தொகுப்பாக வாங்கி ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி முடிக்கும் காரைப் பிரிட்டனில் கிட் கார் என்பர். 1957இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட செவன் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி தொகுப்புக்கு இல்லாததால், கையால் பூட்டுவது ஆசைக்கும் சிக்கனத்துக்கும் ஒருங்கே இடமளித்தது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அச்சலுகை மறைந்த பின்னரும் இக்கைத்தொழில் அழியவில்லை.

தொழிற்சாலைக் கார்களுக்கு ஒரு மாதிரியைச் சோதித்து அவ்வகை முழுவதற்கும் ஒப்புதல் வழங்கப்படுகிறது. வீட்டில் பூட்டிய காரோ ஒவ்வொன்றும் தனித்தே சோதிக்கப்பட வேண்டும். 1998இல் தொடங்கி, 2009இல் விரிவுபெற்ற இத்தேர்வே தனி வாகன ஒப்புதல் எனப்படுகிறது.

சோதனைக் கூடத்தில் நின்று கவனிப்போருக்கு, பிரேக்கும் விளக்குகளும் சோதிக்கப்படுவதோ, திருப்பிய ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் அது தானே நேர்நிலைக்குத் திரும்ப முனைகிறதா எனப் பார்ப்பதோ, புகைபோக்கியின் ஒலி 99 டெசிபெலைத் தாண்டாதிருக்க வேண்டும் என்பதோ வியப்பளிப்பதில்லை. சோதகர் கையிலெடுக்கும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையே கண்ணை ஈர்க்கிறது. காரின் வெளிப்புறத்தில் அவ்வுருண்டை தொடக்கூடிய கடினமான விளிம்பு எதுவும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆர அளவுக்கு மழுங்கியிருக்க வேண்டும். ஆகவே, பூட்டுபவர் தகட்டு விளிம்புகளில் ரப்பர்ப் பட்டையைச் செருகுகிறார். துருத்தும் நட்டுகளுக்குப் பிளாஸ்டிக் மூடியிடுகிறார்.

கைத்திறனுக்கு இணையாகக் காகிதமும் வேண்டும். வாங்கிய ரசீதுகளையும், வேலை வளர்ந்த படிகளைக் காட்டும் புகைப்படங்களையும் பூட்டுபவர் சேர்த்து வைக்கிறார். ஏனெனில், எல்லாப் பாகங்களும் புதியவை என்றோ, ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டது என்றோ காட்ட முடிந்தால் புதிய காருக்குரிய பதிவெண் கிடைக்கும். பாகங்களின் வயதை நிறுவ முடியாத காருக்கு ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் எண்ணே வழங்கப்படுகிறது.

ஒப்புதல் பெற்றதும் அழகு கருதி ரப்பர்ப் பட்டையை உரித்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது தம் தொழிலையே குறைத்துக்கொள்வதாகும். எந்த இடத்தில் கூர்மை உள்ளது என்பது பல மாதங்கள் அந்தக் காரோடு பழகிய கைக்குத் தெரியும். சாலையைக் கடக்கும் சிறுவனின் முழங்காலுக்குத் தெரியாது. அம்முழங்காலை எண்ணி மழுக்கப்பட்ட விளிம்பும், என்ஜினை ஓடவைத்த திறமையைப் போலவே, பூட்டியவரின் கைவண்ணம்தான்.