சினிமா படிக்கக் கடல் தாண்டுவது

வெளிநாட்டுக்குப் போய் சினிமா படிப்பது இன்றைய தலைமுறையின் மோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ் சினிமா பேசத் தொடங்கிய காலத்திலேயே அது நடந்திருக்கிறது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1929-ல் சினிமாவுக்கென்று படிப்பு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மாணிக் லால் டாண்டன் என்ற இந்திய மாணவர் அங்கே படித்தார். அவருடன் படித்தவர்களில் ஒருவர் ஒஹையோ மாநிலத்துக்காரரான எல்லிஸ் ஆர். டங்கன். டாண்டன் தமிழில் ‘பாமா விஜயம்’, கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘நந்தனார்’ ஆகிய படங்களை இயக்கினார். அவர் அழைத்ததால் 1935-ல் டங்கனும் இந்தியா வந்தார். ‘சதி லீலாவதி’யை இயக்கும் வாய்ப்பு முதலில் டாண்டனிடம்தான் வந்தது, அவர் நண்பரைக் கைகாட்டிவிட்டார். எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய அந்தப் படத்தை 1936-ல் தமிழே தெரியாத ஓர் அமெரிக்கர் இயக்கினார். ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘பொன்முடி’, ‘மந்திரி குமாரி’ என்று 1950 வரை அவர் இங்கேயே இருந்தார். கடல் தாண்டிப் போய்ப் படித்து வந்த டாண்டனை ஆய்வாளர்கள் தவிர யாருக்கும் நினைவில்லை. படித்ததை வேற்று நாட்டில் செய்து பார்த்த டங்கனைப் பற்றி இன்றும் பேசுகிறோம்.

இருவரும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள், ஒரே கருவிகளைத் தொட்டவர்கள். எனவே அவர்கள் கற்ற பாடத்தை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. அன்றைய தமிழ்ப் படங்களில் பல, மேடை நாடகத்துக்கு முன்னால் கேமராவை நிறுத்தி வைத்து எடுத்தவை. பாட்டும் வசனமும் சரியாக விழுந்தால் காட்சி முடிந்தது. வசனம் புரிகிற இயக்குநர் காதால் திருப்தியடைந்துவிடலாம். டங்கனுக்கு அந்த வசதி இல்லை. உதவியாளர் மொழிபெயர்த்துச் சொன்னதை வைத்துக்கொண்டு முகம், அசைவு, ஒளி ஆகியவற்றைத்தான் அவர் நம்ப வேண்டியிருந்தது. ‘மீரா’வுக்கு முன்பு எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்யவைத்து, எந்தக் கோணத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் முகம் எப்படித் தெரிகிறது என்று அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் சோதித்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். பாட்டுக்காகவே ஓடக்கூடிய ஒரு படத்தில் முகத்துக்கு அவ்வளவு நேரம் செலவிட அன்று உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. டங்கனின் எல்லாப் படங்களும் தேறும் என்று நான் சொல்லவில்லை. சில படங்களை இன்று பொறுமையாக உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் அயலாராக இருந்தது அவருக்கு ஒரு தொழிற்கருவியாகவே பயன்பட்டது. வெளிநாட்டில் சினிமா படிக்கப் போகிறவர் உண்மையில் பெற்று வருவதும் அதைத்தான் என்பது என் வாதம். கேமராவும் எடிட்டிங்கும் எங்கும் கிடைக்கும். எதையும் ‘இது இப்படித்தான்’ என்று எடுத்துக்கொள்ள முடியாத நிலை சொந்த ஊரில் கிடைக்காது.

இதற்கு இன்னும் வலுவான சான்று பாலு மகேந்திரா. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் 1939-ல் பிறந்தவர். இளவயதில் டேவிட் லீன் இலங்கையில் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ எடுத்ததை வேடிக்கை பார்த்த நாளில்தான் சினிமா ஆசை பிடித்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1966-ல் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். நம்மில் பலர் அவரைத் தமிழ்நாட்டுக்காரராகவே பாவித்துப் பழகிவிட்டதால் ஒன்றை மறந்துவிடுகிறோம்: அந்தக் கல்லூரியில் அவர் வெளிநாட்டு மாணவர். இயக்கம் படிக்க விரும்பியவருக்கு ஒளிப்பதிவில்தான் இடம் கிடைத்தது. 1960-ல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கிய கல்லூரி அது. 1964-ல் அதே ஊரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் வந்துவிட்டது. இத்தாலிய நியோ ரியலிசப் படங்களையும் சத்யஜித் ராயையும் திரையிட்டுக் காட்டி, நிறுத்தி, விவாதிக்கிற சூழல் அன்று கோடம்பாக்கத்தில் இல்லை, கொழும்பிலும் இல்லை.

1969-ல் படிப்பை முடித்தவருக்குத் திரும்பிப் போய் வேலை செய்யும் அளவுக்குப் பெரிய தமிழ்த் திரைத்தொழில் இலங்கையில் இல்லை. சென்னையில் அவருக்குச் சொந்தக்காரர் கூட்டமும் இல்லை. எனவே மொழி பார்க்காமல் வேலை செய்தார். முதலில் ஒளிப்பதிவு செய்தது ராமு காரியாட்டின் மலையாளப் படமான ‘நெல்லு’. முதலில் இயக்கியது 1977-ல் வந்த கன்னடப் படம் ‘கோகிலா’. தெலுங்கில் கே. விஸ்வநாத்தின் ‘சங்கராபரணம்’ அவர் ஒளிப்பதிவு. தமிழில் இயக்குநராக அவர் அறிமுகமான ‘அழியாத கோலங்கள்’ 1979-ல்தான் வந்தது. எந்த ஊரிலும் வந்தேறியாக இருந்தவருக்கு எல்லா ஊரிலும் கிடைக்கக்கூடியதாக இருந்தது சூரிய வெளிச்சம் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஜன்னல் வழியே வருகிற ஒளியை அப்படியே நம்பி எடுக்கிற பாணியை அவருடைய ரசனை என்று மட்டும் பார்க்காமல், அவருடைய நிலைமையின் விளைவு என்றும் பார்க்கலாம். ‘மூன்றாம் பிறை’யில் ஊட்டிப் பக்கத்துக் குளிரும் பனியும் சுற்றுலா அட்டையாக மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்பேன்.

‘வீடு’ இன்னும் நுட்பமான உதாரணம். 1988-ல் வந்த அந்தப் படத்தில் சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண், கார்ப்பரேஷன் அனுமதி, கான்டிராக்டர், சிமெண்ட், கடன் என்று ஒவ்வொன்றாக மோதி மோதி வீடு கட்டப் பார்க்கிறாள். அந்தப் பெண்ணாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். சென்னையைப் பற்றி இவ்வளவு கறாரான படத்தைச் சென்னைக்காரர்கள் அதிகம் எடுக்கவில்லை. ஆனால் அதன் விதை சென்னையில் இல்லை. சிறு வயதில் தன் தாய் வீடு கட்டிய காலத்தில், எப்போதும் சிரித்த முகமாக இருந்தவர் எப்படி மாறிப்போனார் என்ற நினைவிலிருந்து அந்தப் படம் பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அதாவது மட்டக்களப்பின் துயரம் சென்னையின் விவரங்களை உடுத்திக்கொண்டு வந்தது. ஊரிலேயே இருந்திருந்தால் அந்தத் துயரத்தை வீட்டுக்கதையாகச் சொல்லிக் கடந்திருக்கலாம். வேறு ஊரின் மணல், செங்கல், லஞ்சக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு புதியவராகக் கவனித்துக் கற்க வேண்டியிருந்ததால்தான் அது சினிமாவாக ஆனது.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். பாரதிராஜா எந்தக் கல்லூரியில் படித்தார்? மகேந்திரன் எங்கே படித்தார்? அல்லிநகரத்துக்காரருக்கு அல்லிநகரம் தெரிந்ததே போதவில்லையா? நியாயமான கேள்விதான். ஆனால் 1977-ல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’யை ஒளிப்பதிவு செய்த பி.எஸ். நிவாஸ், சென்னை அடையாறு திரைப்படத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த கேரளத்துக்காரர். 1978-ல் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இதே பாலு மகேந்திரா. ஊரை உள்ளிருந்து அறிந்த இயக்குநர், அந்த ஊரை முதல் தடவையாகப் பார்க்கிற படித்த கண் — இந்த இரண்டும் சேர்ந்தபோதுதான் நாம் ‘மண்வாசனை’ என்று கொண்டாடுகிற சினிமா வந்தது. மண்வாசனைக்கு வெளியூர்க்காரர்களிடம் பெரிய கடன் இருக்கிறது. அதை அடிக்கடி சொல்வதில்லை.

ஆனால் பி.எஸ். வினோத்ராஜை வைத்து யாராவது வாதாடினால் நான் பின்வாங்க வேண்டியிருக்கும். திரைப்படக் கல்லூரிப் பக்கம் போகாதவர், டிவிடி கடையில் வேலை பார்த்தவர். 2021-ல் ‘கூழாங்கல்’ படத்துக்காக ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதைப் பெற்றார். உலகப் படங்கள் ஒரு கடையின் அலமாரிக்கே வந்து சேர்ந்துவிட்ட காலத்தில் புனேயின் திரையிடல் அரங்கு முன்பு செய்த வேலையில் பாதியை அந்தக் கடையே செய்துவிடுகிறது. இதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியை, அதாவது தன் நிலத்தை அந்நியக் கண்ணோடு பார்ப்பதை, எல்லோராலும் தனியாகச் செய்துகொள்ள முடியாது. வினோத்ராஜால் முடிந்தது. அபூர்வமானவர்களை வைத்துப் பொதுவிதி எழுதினால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம்.

இரண்டாவது மறுப்பைத்தான் நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். வெளிநாட்டில் படித்து வருகிறவர் சொந்த ஊரைக் கண்காட்சிப் பொருளாக்கிவிடுவார் என்பது அது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற நீர்காத்த அய்யனார் கோவிலை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம். ராஜபாளையத்திலிருந்து ஒரு பெண்ணோ பையனோ ஐரோப்பிய நகரம் ஒன்றின் திரைப்படப் பள்ளியில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உன் ஊரைப் பற்றி ஐந்து நிமிடப் படம் எடு என்கிறார்கள். காடு, ஆறு, பாறை, பொங்கல் வைக்கும் புகை, கிடா வெட்டு, அரிவாள். வகுப்பு வாய் பிளந்து பார்க்கும். சக மாணவர்களுக்குப் புரியாததெல்லாம் கவித்துவமாகத் தெரியும். இந்தக் கைத்தட்டல்தான் வெளிநாட்டு மாணவருக்கு வருகிற பெரிய ஆபத்து. நாலு முறை அதைக் கேட்டால் தன் குலசாமிக்குத் தானே சுற்றுலா வழிகாட்டியாகிவிடுவார்.

ஆனால் ஊரிலேயே இருக்கிறவர் எடுத்தால் மட்டும் என்ன வரும்? பெரும்பாலும் விழா வீடியோ வரும். ட்ரோனில் ஒரு சுற்று, பின்னணியில் உறுமி. ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகிற இடமாகவே அதைப் பழகிவிட்டவருக்கு அங்கே பார்க்க வேறு எதுவும் இருப்பதாகத் தோன்றாது. இரண்டு படத்திலும் விடுபட்டுப் போவது தண்ணீரின் கதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற மழை அந்த ஆற்றில் இறங்கி, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, ராஜபாளையம் நகரத்தின் குடிநீர்க் குழாய்க்கு வருகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊரில் நூற்பாலைகள் ஓடுகின்றன; பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். மலையில் கனமழை பெய்தால் ஆறு திடீரென்று பெருகும். வனத்துறை பக்தர்களைத் தடுத்து நிறுத்தும். மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அதற்கு முன்பே, 1988 முதல், சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். ஒரே இடத்துக்குச் சாமி, நகராட்சி, வனத்துறை, புலி என்று நாலு உரிமையாளர்கள். இந்தச் சிக்கலைப் படமாக்க ஊரையும் தெரிந்திருக்க வேண்டும், ஊரின் பழக்கத்திலிருந்து விலகியும் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. கண்காட்சியாக்குவது வெளியூர்ப் படிப்பின் தவிர்க்க முடியாத விளைவு என்று நான் நினைக்கவில்லை. அது பாதிப் படிப்பின் விளைவு. அந்நியத்தன்மையைக் கற்றுக்கொண்டு, அதை வைத்து வேலை செய்யக் கற்காமல் திரும்பியதன் விளைவு.

இனி பணம். தனியார் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சினிமா படிப்பது நடுத்தரக் குடும்பத்தின் வீட்டை அடமானத்துக்குக் கொண்டுபோகிற செலவு. எஃப்-1 விசாவில் படிக்கிறவர் வகுப்பு நடக்கும் பருவத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படப்பிடிப்புத் தளத்தில் இரண்டே நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். படிப்பு முடிந்தபின் தொழிற்பயிற்சிக்குப் பொதுவாக 12 மாதம். தொடர்புகளை நம்பி ஓடுகிற ஒரு தொழிலில், தொடர்பு உருவாகத் தொடங்குகிற நேரத்தில் மூட்டை கட்டச் சொல்கிறது சட்டம். திரும்பி வந்தால் இங்கே அந்தப் பட்டத்தைக் காட்டி எந்தத் தயாரிப்பாளரிடமும் எதுவும் வாங்க முடியாது. மறுபடி உதவி இயக்குநர்தான், சம்பளம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கடனோடு திரும்புகிறவர் முதல் படத்தில் ஆபத்தான முயற்சி எதையும் செய்யத் துணியமாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதற்காக அவ்வளவு தூரம் போனாரோ அதையே கடன் தின்றுவிடுகிறது.

ஆகவே போகாதே என்கிறேனா? இல்லை. பாலு மகேந்திரா தாண்டிய கடல் பாக் நீரிணைதான். மட்டக்களப்புக்கும் புனேவுக்கும் நடுவே மொழி, உணவு, அரசியல் என்று எல்லாம் மாறின. தேவையான அந்நியம் அங்கேயே கிடைத்தது. ராஜபாளையத்து மாணவருக்குப் புனே அந்நியம். 1995-ல் தொடங்கிய கொல்கத்தா சத்யஜித் ராய் கல்லூரி இன்னும் அந்நியம். ஆற்றையும் குளத்தையும் மழையையும் வங்காளிகள் எப்படிப் படமாக்கினார்கள் என்பதைக் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். வெளிநாடுதான் வேண்டும் என்றால், கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பள்ளி மாணவரைத் தன் நகரத்தின் கதைகளை எடுக்கவைக்கிறதா, அல்லது அவரவர் நாட்டுக் கதையைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறதா? முதல் வகைப் பள்ளியில் ஒரு தமிழ் மாணவர் அங்குள்ள மீன் சந்தையையோ முதியோர் இல்லத்தையோ ஒன்றும் தெரியாதவராகப் போய்க் கற்று எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பயிற்சிக்குக் காசு கொடுக்கலாம். இரண்டாம் வகைப் பள்ளிக்குக் கொடுக்கிற பணத்தில் ஊரிலேயே இரண்டு குறும்படம் எடுத்துவிடலாம். வனத்துறையிடம் அனுமதி வாங்க அலைகிற செலவும் அதில் அடங்கும்.